திருச்சூர் வரைக்கும் டீசல்

ஆவணி 2, திங்கள்

காலையில் சாரல். குமுளி மலையிலிருந்து இறங்கி வந்து கம்பம் பஸ் ஸ்டாண்டை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பிவிட்டது. உத்தமபாளையம் வரைக்கும் போக அதற்கும் டீசல் இல்லை போல.

இன்றைய வேலை: பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு ஃபியூஸ். காளியம்மன் கோவில் வேப்பமரத்தில் விட்டுவந்த குழாய் ஸ்பீக்கரை இறக்க. கடைவாய்ப் பல்லுக்குக் கிராம்பு. மூன்றில் கிராம்பு மட்டும் நடந்தது.

டேங்கர் லாரிகள் ஓடாமல் ஒரு வாரம். மாவட்டம் முழுக்க பங்க்குகளில் கயிறு கட்டிவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியிலும் இதே கதை. திருச்சூர் போய்விட்டால் டீசல் தாராளமாகக் கிடைக்கிறதாம். இந்த நேரம் பார்த்துப் பாண்டியம்மாளுக்குக் கண்ணூரிலிருந்து ஃபோன். தாலி கட்டிய நான் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

பேசியவர் ஏதோ கிளப்பின் செயலாளர். பெயர் சசி. போன ஓணத்துக்கு ஏலத்தோட்டத்தில் வடம் இழுக்கிற போட்டி வைத்தார்கள். அதில் இவளும் இவளோடு ஏலக்காய் எடுக்கப் போகிற ஆறு பேரும் சேர்ந்து மலையாளத்துக்காரிகளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். அந்த வீடியோ எப்படியோ கண்ணூர் வரைக்கும் போயிருக்கிறது. பதினைந்தாம் தேதி ஞாயிறு அங்கே பெண்கள் வடம்வலி. ஏழு பேர் அணி. "சேச்சி, நிங்கள் வரணும்" என்று மூன்று தரம் சொன்னார்.

"வாரோம்" என்றாள். எதில், எப்படி, யாரைக் கேட்டு, ஒன்றும் கிடையாது.

முதல் பரிசு பெரிய கோப்பை. இரண்டாம் பரிசு ஒரு கிடா.

"கெடாவ வாங்கிட்டு வந்துருவோம்."

"ஏன், மொதப் பரிசு ஆகாதா?"

"கோப்பைய வச்சு என்ன செய்ய? உளுந்து ஊறப்போடவா?"

உடனே என்னை நானே மேனேஜராக நியமித்துக்கொண்டேன். எதிர்ப்பு இல்லை. ஆதரவும் இல்லை.

ஆவணி 3, செவ்வாய்

வெயில். காற்று. என் மைக்செட் கடையில் வேலை இல்லை. முகூர்த்த மாதம், ஆனால் பாதிக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டு வேனே வருமா என்று தெரியாததால் மைக்செட்டை யாரும் நினைப்பதில்லை.

பயணத் திட்டம். ரயில் சாத்தியமில்லை, ஓணக் கூட்டம், ஏழு பேருக்கு நிற்கக்கூட இடமில்லை. பஸ் பாதிதான் ஓடுகிறது. ஓடுகிற பாதியும் எங்கே நிற்கும் என்று டிரைவருக்கே தெரியவில்லை. ஆகவே ஜீப். பாண்டியம்மாளின் தம்பி செல்லத்துரையின் ஜீப். தினமும் விடியுமுன் இந்தப் பெண்களைத் தோட்டத்துக்கு ஏற்றிப்போகிற அதே ஜீப். டேங்கில் கொஞ்சம் கிடக்கிறது. எங்களுக்கு வேண்டியது கண்ணூர் வரைக்கும் அல்ல, திருச்சூர் வரைக்கும் டீசல். அங்கே போய்விட்டால் நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டு பாதை. ஒன்று: தேனி, வத்தலக்குண்டு, பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு. சமதளம், ஆனால் சுற்று. இரண்டு: குமுளி ஏறி, முண்டக்கயம் இறங்கி, மூவாற்றுப்புழை. குறுக்கு, ஆனால் மலை.

நான் உட்கார்ந்து யோசித்து ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். கண்ணூர் கடற்கரை. குமுளி மலை உச்சி. ஆகவே குமுளி வரைக்கும்தான் டீசல் வேண்டும். அதற்கப்புறம் கடல் வரைக்கும் இறக்கம். நியூட்ரல் போட்டால் போதும்.

செல்லத்துரையிடம் சொன்னேன். அவன் டீயை அப்படியே வைத்துவிட்டான்.

"மச்சான், குமுளிக்கு அங்கிட்டு பீர்மேடு இருக்கு, குட்டிக்கானம் இருக்கு. குமுளிய விட ஒசரம்."

"அது எப்பருந்து?"

"மலை உண்டான காலத்துலருந்து."

பக்கத்தில் நின்ற ஆரோக்கியம் வேறு. இவள்தான் அணியில் கடைசி ஆள்; வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு குதிகாலைக் குத்தி நிற்பவள். "எறக்கத்துல நியூட்ரல் போட்டா கண்ணூருக்குப் போகமாட்டோம்ணே. நேரா மாதாகிட்டதான் போவோம்" என்றாள்.

இருந்தாலும் குமுளிப் பாதைதான் என்று முடிவு. மேனேஜர் சொன்னதாகவே இருக்கட்டும்.

டீக்கடை வேலு: "ஏலே முத்து, ஒம் பொண்டாட்டி வடம் இழுக்கப் போகுதாமே?"

"ஆமா. கண்ணூருக்கு. அழைச்சிருக்காக."

"இருவத்தஞ்சு வருசமா ஒன்னைய இழுத்துக்கிட்டு இருக்கு. வடமெல்லாம் எம்மாத்திரம்."

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று: "அழைச்சிருக்காக" என்று சொல்லும்போது என் குரல் மைக் இல்லாமலேயே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனது.

ஆவணி 5, வியாழன்

சாரல், வெயில், மறுபடி சாரல். நரிக்குக் கல்யாணம் என்றால் அங்கேயும் மைக்செட் கிடையாது.

இன்று செய்த முட்டாள்தனம். குமுளியில் டீசல் வந்திருப்பதாகப் பேச்சு. என் மொபட்டில் ஏறினேன். லோயர் கேம்ப் தாண்டி மலை வளைவு. வண்டி முக்குகிறது, நான் முன்னால் குனிந்து அதற்கு உதவுகிறேன். பாதி ஏற்றத்தில் எதிரே மூன்று ஆட்டோ. குமுளி ஆட்டோ. என்னைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"சேட்டா, கம்பத்து டீசல் உண்டோ?"

"இல்ல. குமுளில வந்திருக்குன்னாகளே?"

"அவிடெ இல்லா. கம்பத்து உண்டுன்னு பறஞ்சு..."

ஆக, இல்லாத டீசலைத் தேடி அவர்கள் கீழே, நான் மேலே. ரோட்டோரத்தில் குரங்கு ஒன்று இதையெல்லாம் கவனித்தது. அது மட்டும்தான் எதையும் செலவழிக்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு டீ. காசு நான் கொடுத்தேன், விருந்தாளிகள்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு லோயர் கேம்ப் வரை வந்தேன். என் கண்டுபிடிப்பு பாதி உண்மை என்று நிரூபணம்.

பாண்டியம்மாளிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். லோயர் கேம்ப் டீக்கடைக்காரன் அவள் அத்தை மகன்.

ஆவணி 6, வெள்ளி

எடை. ஏழு பேரும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று போட்டியில் ஒரு கட்டுப்பாடு. ஏழு பேரையும் ஒன்றாக நிறுத்தி எடை பார்க்கிற மிஷினுக்கு எங்கே போவது? வாழைக்காய் மண்டிக்குப் போனோம். தார் போடுகிற பெரிய தராசு. ஏழு பேரும் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். மண்டிக்காரர் தலைக்குப் புது மை பூசியிருக்கிறார், காது வரைக்கும் கறுப்பு. மகளுக்கு வரன் பார்க்க வருகிறார்கள் என்கிறார். யாருக்கு வரன் பார்க்கிறார்களோ.

இரண்டு கிலோ கூடுதல்.

"செருப்பக் கழட்டுங்கடி" என்றாள் பாண்டியம்மாள். கழற்றினார்கள். அப்போதும் ஒன்றரை கூடுதல்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஆரோக்கியத்தைப் பார்த்தார்கள். ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். "அண்ணே, தெனம் சாயங்காலம் போண்டா வாங்கியாந்தது யாரு?"

நான்தான். பயிற்சிக்கு ஊக்கம். இன்று முதல் போண்டா ரத்து.

பிறகு யாரோ, "மேனேஜரையும் ஏத்துங்க" என்றார்கள். ஏறினேன். தொண்ணூற்றெட்டு. மண்டியில் சத்தம் நின்றது.

"அண்ணே, வாழைத்தார்னா தண்டுக்குன்னு கழிச்சுக்கிருவோம்" என்றார் மண்டிக்காரர். "ஒங்களுக்குக் கழிக்க ஒன்னுமில்ல. எல்லாம் காயி."

ஆவணி 8, ஞாயிறு

காற்று. கூரைத் தகரம் இரவெல்லாம் மத்தளம். தூக்கம் இல்லை.

பெட்ரோல் இல்லாமல் ஊரில் நடந்த நல்லவை: மூன்றாவது தெரு வாத்தியார் நடக்க ஆரம்பித்துவிட்டார். பைக்கில் வந்து எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஹாரன் அடிக்கிற பையன் இப்போது சைக்கிள் பெல் அடிக்கிறான், அவள் ஜன்னலைச் சாத்திவிட்டாள். வட்டிக்காரர் வீட்டில் கங்கை ஜலம் என்று பூஜை அறையில் வைத்திருந்த கேன் கங்கை ஜலம் இல்லையாம். அவர் மருமகள் விளக்கை அதன் பக்கத்தில் ஏற்றப் போனபோது ஆள் போட்ட கூச்சல் நான்கு வீட்டுக்குக் கேட்டிருக்கிறது.

மாலையில் ஆற்றங்கரைத் தோப்பில் பயிற்சி. தென்னைமரத்தில் வடத்தைக் கட்டி இழுக்கிறார்கள். மரம் ஜெயிக்கிறது. ஆனால் குரும்பை நான்கைந்து விழுந்தது. தோப்புக்காரர் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஆத்தா, வேற மரம் பாருங்க. இது இப்பத்தான் காய்க்குது" என்று கெஞ்சினார்.

பாண்டியம்மாள் இழுக்கும்போது முகத்தைப் பார்த்தேன். வீட்டில் பார்க்காத முகம். கண் எங்கேயோ இருக்கிறது, பல்லைக் கடிக்கவில்லை, கத்தவில்லை. உடம்பை அப்படியே பின்னால் சாய்த்து, பூமியிடம் ஏதோ ஒப்படைத்தவள் மாதிரி. இருபத்தைந்து வருடத்தில் ஊரில் எத்தனையோ பேரை மைக்கில் புகழ்ந்திருக்கிறேன். காணிக்கை கொடுத்தவர், மாலை போட்டவர், மாலை வாங்கியவர். இவள் பெயரை ஒரு தடவையும் சொன்னதில்லை. சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. (இது சமாதானம் என்று எனக்கே தெரிகிறது.)

சண்டை ஒன்று. கடை ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதே, அதை ஜீப்புக்கு ஊற்றினால் என்ன என்றாள்.

"அது கடையோட உசுரு. நாளைக்கே ஒரு ஆர்டர் வந்தா?"

"வந்துச்சா?"

"வரும்."

"சரி" என்றாள். இவள் "சரி" சொன்னால் சரியாக இல்லை என்று அர்த்தம்.

ஆவணி 10, செவ்வாய்

இன்றைக்கு எழுத நிறைய. பல்வலி மறந்தே போயிற்று.

தேனி ரோட்டு பங்க்குக்கு லோடு வருகிறது என்று உறுதியான செய்தி. விடியுமுன்னே வரிசை. ஜீப்புக்குப் பத்து லிட்டர், அதுவும் விவசாய வண்டிக்கும் பால் வண்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். நாங்கள் போனபோது வரிசை தியேட்டரைத் தாண்டிவிட்டது. நாலு அடி நகரும், நிற்கும். நாலு அடி நகரும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் செல்லத்துரை வண்டியை ஸ்டார்ட் பண்ணி நகர்த்தி அணைக்கிறான்.

"மச்சான், பத்து லிட்டர் வாங்குறதுக்குள்ள உள்ள டீசலும் போயிரும் போல."

பாண்டியம்மாள் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எறங்குங்கடி."

ஏழு பேரும் இறங்கினார்கள். வடத்தை முன் பம்பரில் கட்டினார்கள். செல்லத்துரை ஸ்டியரிங்கில். நான் என் பேட்டரிக் கைமைக்கோடு பக்கத்தில். அது எதற்குக் கொண்டுபோனேன் என்று கேட்கக் கூடாது. நான் கல்யாணத்துக்கே அதில்லாமல் போனதில்லை.

வரிசை நகர்ந்தது. நான் "ஏய்... இழு" என்றேன். ஜீப் ஆடாமல் குலுங்காமல் உருண்டு வந்தது. அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நகர்வில் கை தட்டினார்கள். அதற்கடுத்ததில் ஒருத்தன், "தேர் வருது, தேங்கா ஒடைங்கலே" என்றான். எதிர்ச்சாரியில் நின்ற ஆட்டோக்காரர் நிஜமாகவே ஒரு தேங்காயை எடுத்து ஜீப் முன்னால் உடைத்தார். ஆட்டோவில் தேங்காய் எதற்கு வைத்திருந்தார் என்பது தனிக் கதை. நாளைக்கு விசாரிக்க வேண்டும்.

பின்னால் ஒரு டெம்போ. திராட்சை லோடு. ஓட்டியவர் இறங்கி ஓடிவந்தார். "ஆத்தா, எனக்கு ஸ்டார்ட் பண்ணவே டீசல் இல்ல. என்னையும் ஒரு இழு இழுங்க. பழம் அழுகிரும்."

லோடு ஏறின டெம்போ. நான், "வேணாம், கை போயிரும், ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்கு" என்றேன். மேனேஜர் பேச்சை யாரும் கேட்கவில்லை. பாண்டியம்மாள் முதல் ஆள். ஆரோக்கியம் கடைசி ஆள். டெம்போ முதலில் நகரவில்லை. யாரோ சிரித்தார்கள். பாண்டியம்மாள் ஒரு மூச்சு விட்டாள், அந்தத் தோப்பு முகம் வந்தது. பிறகு சக்கரம் முனகிக்கொண்டு உருண்டது.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கைமைக் என் கையில் இருந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. இருபத்தைந்து வருடத் தொழிலில் முதல் தடவை.

டெம்போக்காரர் ஒரு கூடை திராட்சை கொடுத்தார். எடைக் கணக்கு காரணமாக அவர்கள் யாரும் தொடவில்லை. வீணாகக் கூடாது என்று நான் தின்றேன்.

பங்க்கில் மேஜை போட்டு ஒரு ஆபீஸர். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "ஆட்டத்துக்குப் போறதுக்கெல்லாம் கிடையாதும்மா. விவசாயத்துக்குத்தான்" என்றார். யாரோ முன்னாடியே போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியும். பைக்கில் ஹாரன் அடிக்கிறவனின் அப்பா.

பாண்டியம்மாள் இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்தாள். ஏலக்காய் எடுத்து எடுத்து விரல் நுனி கறுத்துக் கிடக்கிற கை. "பாருங்க சார். இது வெளையாட்டா, விவசாயமா?"

மற்ற ஆறு பேரும் கையை வைத்தார்கள். மேஜையில் இடமில்லை. ஆபீஸர் பேனாவை எடுத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்து, பத்து லிட்டர் எழுதினார்.

எழுதிவிட்டு மெதுவாக, "எங்க ஆட்டம்?" என்றார்.

"கண்ணூர்ல."

"ஜெயிச்சுட்டு வாங்க."

ஆவணி 12, வியாழன்

வெயில். ஓணத்துக்குப் பூ ஏற்றிப்போக வண்டி இல்லாமல் செண்டுமல்லி மூட்டை மூட்டையாக பஸ் ஸ்டாண்டில். ஊரே கோவில் வாசம்.

செல்லத்துரை கணக்கு: இருக்கிறது, வாங்கியது, எல்லாம் சேர்த்து மூவாற்றுப்புழை. நன்றாகப் போனால் அங்கமாலி. திருச்சூருக்குக் கொஞ்சம் குறைகிறது.

யாரும் ஜெனரேட்டரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே பெரிய பார்வையாக இருந்தது.

டியூபை எடுத்து ஜெனரேட்டரில் விட்டு வாயால் உறிஞ்சினேன். கடைசிச் சொட்டு வரைக்கும் ஜீப்பில். முதல் வாய் வயிற்றுக்குள். இரவு வரை ஏப்பம் விட்டால் டீசல். வேலு கடையில், "பக்கத்துல பீடி பத்த வைக்காதீகப்பா, முத்து வெடிச்சிருவான்" என்றான்.

சாப்பாட்டில் அப்பளம் இரண்டு கூடுதல். எங்கள் வீட்டில் பொன்னாடை அதுதான்.

நிம்மதி சாயங்காலம் வரைக்கும். சசி ஃபோன். மாற்று ஆள் ஒருத்தி கட்டாயம் வேண்டுமாம், எட்டாவது ஆள் இல்லாத அணியைச் சேர்க்க மாட்டார்களாம். ராசாத்தி வருகிறேன் என்று குதித்தாள். சின்னப் பெண், காற்றடித்தால் பறப்பாள். ஆனால் வடத்தைப் பிடித்தால் விடமாட்டாள்.

செக்போஸ்டில் இப்போது கெடுபிடி, ஒன்பது தலைக்கு மேல் விடுவதில்லை. எட்டுப் பெண்கள். செல்லத்துரை. ஒன்பது.

இதை நான் கூட்டிப் பார்க்கவில்லை. ஜீப்புக்கு அடியில் ஏதோ முறுக்கிக்கொண்டிருந்த செல்லத்துரை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"மச்சானை எறக்கிட்டா திருச்சூர் என்ன, மங்களூரே போயிரலாம்."

"அத யாரு சொல்றது?"

"அக்காதான் சொல்லணும்."

"அது சொல்லாதுடா. ரெண்டு நாளா மேனேஜருக்குச் சட்டை அயர்ன் பண்ணி வச்சிருக்கு."

சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். ஆரோக்கியத்தின் குரல் அது. அயர்ன் பண்ணின சட்டையைப் பீரோவில் போய்ப் பார்த்தேன். வெள்ளை. புதுசு. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

ஆவணி 13, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம்.

காலையில் தோசை தின்றுகொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "ஒரு ஆர்டர் வந்திருச்சு" என்றேன்.

"என்ன ஆர்டர்?"

"நாளைக்கும் நாளன்னைக்கும். கிடாவெட்டு. பெரிய எடம். நான் வர முடியாது போல."

"எங்கன?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆள் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டான். பண்ணைப்புரம் தாண்டி ஒரு தோப்பு, மலை அடிவாரம், கரண்ட் கம்பியே கிடையாது, ஜெனரேட்டர் வைத்துத்தான் மைக்செட், அதனால்தான் என்னைத் தேடி வந்தார்கள், வேறு யாரிடமும் ஜெனரேட்டர் இல்லை என்று அலங்காரம் செய்துகொண்டே போனேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஜெனரேட்டர்லயா?"

"ஆமா."

"நேத்து ஒறிஞ்சு எடுத்தீகளே, அந்த ஜெனரேட்டர்லயா?"

வாயில் தோசை. இன்னும் லேசாக டீசல்.

"பொய் சொல்றதுன்னா யோசிச்சுச் சொல்லணும்" என்றாள். "கரண்டு இருக்குற தோப்புன்னு சொல்லியிருக்கலாம்ல."

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தோசை வந்தது, நான் கேட்காமல்.

"நீங்க வந்து கத்தினாத்தான் எனக்குக் கை நிக்கும்" என்றாள் தோசைக்கல்லைப் பார்த்து.

"டெம்போவ இழுத்தப்ப நான் கத்தவே இல்லையே. கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. ராசாத்தியின் அம்மாவிடம் சொல்லியனுப்பினோம், பெண் வருகிறாள் என்று.

பயிற்சிக்குப் பின் மண்டியில் கடைசி எடை. அரைக் கிலோ குறைவாகவே இருக்கிறது. போண்டாவை நிறுத்திய மேனேஜருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

ஆவணி 14, சனி

விடியக் கருக்கலில் கிளம்பினார்கள். சாரல். புளியோதரை, வடம், ஒரு சாக்கு வைக்கோல். வைக்கோல் எதற்கு என்றேன்.

"கெடா சும்மாவா வரும்? திங்க வேணாமா?" என்றாள் ராசாத்தி.

முன்சீட்டில் என் இடத்தில் இப்போது ராசாத்தி. திரும்பி வரும்போது அவள் பின்னால், கிடா முன்னால் என்று ஏற்பாடாம். கிடா எடையில் என்னைவிடக் குறைவு, பேச்சிலும் குறைவு, செல்லத்துரைக்குச் சந்தோஷம்.

வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வழியனுப்பினேன். நான்கு தெரு ஆட்கள் வந்திருந்தார்கள். வட்டிக்காரர்கூட. கையில் கேன் இல்லை, பார்த்துவிட்டேன். வேலு எல்லோருக்கும் டீ கொடுத்து, "காசு கெடா வந்ததும்" என்றான்.

கைமைக்கை எடுத்தேன். ஊரே எதிர்பார்த்தது, பெரிய வசனம் வரும் என்று. "வண்டியை மெதுவா ஓட்டுலே, எறக்கத்துல நியூட்ரல் போடாத" என்று மட்டும் சொன்னேன்.

"அதச் சொல்றது யாரு பாரு" என்றான் செல்லத்துரை.

ஜீப் லோயர் கேம்ப் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நின்றேன். அதற்கப்புறமும் கொஞ்சம்.

மதியம்: குட்டிக்கானம் தாண்டியாயிற்று. மாலை: அங்கமாலி. விளக்கு வைத்த நேரம் செல்லத்துரை: "மச்சான், திருச்சூர் வந்தாச்சு. டேங்க்ல இன்னும் கெடக்கு. நீங்களும் வந்திருக்கலாம் போல."

இவனுக்கு வாய் நீளம். தலைக்கணக்கை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். ராசாத்தி பின்னாலிருந்து, "கெடாவுக்கு எடம் ரெடிண்ணே" என்று கத்தினாள்.

ஆவணி 15, ஞாயிறு

பல்லைப் பிடுங்க நல்ல நாள். டாக்டர் கடை அடைப்பு. ஓணம் பார்க்கப் போய்விட்டாரோ என்னவோ, பெட்ரோல் எங்கே கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

பகலெல்லாம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கடைத் திண்டில். வேலு, மண்டிக்காரர் (மை கொஞ்சம் வெளுத்திருக்கிறது), நாலைந்து பேர். இரண்டு ஆட்டம் ஜெயித்தாயிற்று என்று இடையில் ஒரு செய்தி. வேறு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அழைப்பு. பாண்டியம்மாள் இல்லை, ராசாத்தி. "அண்ணே, கடைசி ஆட்டம். பேசாம கேளுங்க." ஃபோனை எங்கேயோ தூக்கிப் பிடித்தாள் போல. கூட்டத்து இரைச்சல். செண்டை. ஒரு மைக். அறிவிப்பாளர் மலையாளத்தில் ஓட்டமாய் ஓடுகிறார். அதில் "கம்பம்" என்று ஒன்று வந்தது. பிறகு ஒவ்வொரு பெயராக. ஆரோக்கியம். மற்றவர்கள். கடைசியாக, "கேப்டன், பாண்டியம்மாள்."

நாலாயிரம் தரம் மைக்கில் பெயர் சொன்னவன் நான். ஒரு பெயர் இப்படி இருக்கும் என்று தெரியாது.

அவர்கள் ஆம்ப்ளிஃபையர் மட்டம். எர்த் சரியில்லை, ஹம்மிங் கேட்டது. பெயர் மட்டும் சுத்தமாக விழுந்தது.

பிறகு விசில். பிறகு கூச்சல். பிறகு ஃபோன் அறுந்துவிட்டது. திருப்பி அடித்தேன், எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள், கை முழுக்க வடம்.

வேலு டீ போட்டான். ஆறிப்போயிற்று. இன்னொன்று போட்டான். அதுவும்.

கடைசியில் அவளே. குரல் இறங்கிக் கிடந்தது.

"என்னங்க... கெடா போச்சு."

தேற்றினேன். போனால் போகட்டும், இவ்வளவு தூரம் போனதே பெரிசு, கடைசி ஆட்டம் வரைக்கும் யார் வருவார்கள், கிடா இங்கே சந்தையில் கிடைக்காதா, நானே வாங்கித் தருகிறேன் என்றேன். வேலு தலையைக் குனிந்துகொண்டான்.

"அது இல்லைங்க" என்றாள். "மொதப் பரிசுக்குக் கெடா கெடையாதாம்ல. அந்தக் கோப்பையத்தான் குடுத்தாக. ராசாத்தி அந்த வைக்கோல என்ன செய்யன்னு கேக்குறா."

எதுவும் சொல்ல வரவில்லை. இந்த மாதத்தில் இது இரண்டாம் தடவை.

"கோப்பைய ஒங்க எடத்துலதான் உக்கார வச்சிருக்கோம்" என்றாள்.

எடை குறைவுதான். டீசல் மிச்சம்.